நேரில் பார்த்தவர்கள்

ஓசூர்ப் புறநகரில், கம்பெனிச் சங்கு ஊதி ஓய்ந்த காலை வெயில் சுகுணாவின் மேசைமேல் சாய்வாக விழுகிறது. வரலாற்றுப் பேராசிரியையான அவள், இருநூறு ஆண்டுகளுக்கு முன் அமெரிக்காவின் மேற்குக் காடுகளில் முதன்முதலாகக் குடியேறிய வெள்ளைக்காரர்கள் எழுதிவைத்த அனுபவங்களைப் பதிப்பித்துக்கொண்டிருக்கிறாள். ஒருவர் கரடியை வெறுங்கையால் அறைந்து விரட்டியதாக எழுதியிருக்கிறார். ‘நம்பத்தக்கதல்ல’ என்று சுகமாக அடிக்குறிப்பு போடுகிறாள். அப்போது வாசலில் கணவன் முனிராஜின் குரல் உயர்கிறது. விடியற்காலையில் பக்கத்து ராகிக் கொல்லைக்கு வந்த யானையைப் பற்றி உள்ளூர் நிருபரிடம் சொல்லிக்கொண்டிருக்கிறான். “நேருக்கு நேரா நின்னுச்சு சார். ஒரு அதட்டு போட்டேன் பாருங்க, சானமாவுக் காட்டப் பாத்து ஓட்டம் புடிச்சிருச்சு!” சுகுணாவுக்குப் பற்றிக்கொண்டு வருகிறது. யானை வந்தபோது இருவரும் குளியலறையைத் தாழிட்டுக்கொண்டு, ஒருவர் வாயை ஒருவர் பொத்தியபடி நடுங்கிக்கொண்டிருந்தார்கள். வெண்டிலேட்டர் வழியாகத் தெரிந்தது வால் மட்டும்தான். விறுவிறுவென்று வாசலுக்கு வருகிறாள். “ஏங்க, என்னா பேசறீங்க நீங்க?” முனிராஜின் மீசை தொங்கிப்போகிறது; கண்கள் கெஞ்சுகின்றன. நிருபர் செல்போனை அவள் பக்கம் திருப்புகிறார். “மேடம், நீங்களும் பாத்தீங்களா?” பால்காரர் வண்டியை அணைத்துவிட்டுக் காதைக் கொடுக்கிறார். எதிர்வீட்டு ஜன்னல் திறக்கிறது. சுகுணா முந்தானையைச் சரிசெய்துகொண்டு தொண்டையைச் செருமுகிறாள். “பாத்தேன். இவரு ஒண்ணுதான் சொல்றாரு. வந்தது ரெண்டுங்க. தந்தம் ஒவ்வொண்ணும்...” அவள் கைகள் தாமாக விரிகின்றன; இடம் போதாமல் நிருபர் ஓரடி பின்னால் நகர்கிறார்.