தொடாத ஆட்டுக்கறி

வலது கையைத் தலைக்கு மேல் தூக்கி வைத்துக்கொண்டு வாசு மல்லாந்து படுத்திருந்தான்.

தாதி அதிரா அவன் விலாவில் குளிர்ந்த பசையைத் தடவி, சின்னக் கருவியை வைத்து அழுத்தினாள். டொக். யாரோ வெளியிலிருந்து கதவைத் தட்டுவது போல இருந்தது. டொக். டொக்.

ஊசி இல்லை, கத்தி இல்லை. ஒலி அலை உள்ளே போய், கல்லீரலில் எவ்வளவு கொழுப்பு என்று பார்த்துச் சொல்லிவிடும். போன தடவை வாசு வயிற்றை எக்கிப் பார்த்தான். ஒன்றும் பலிக்கவில்லை.

மற்ற பரிசோதனைகளில் எல்லாம் தேறிவிட்டான். இது ஒன்றுதான் பாக்கி. கொழுப்பைக் குறைத்துக்கொண்டு வந்தால்தான் பேச்சு என்று டாக்டர் கறாராகச் சொல்லிவிட்டார்.

வாசுவாவது குறைப்பதாவது! பாயான் பாரு தொழிற்சாலையில் கூட வேலை செய்கிறவர்கள் விழுந்து விழுந்து சிரித்தார்கள். நாசி கண்டார் சோற்றுக் கடைக்காரர் அவன் தலையைக் கண்டாலே குழம்பை வெள்ளமாக ஊற்றுவார்.

ஆனால் குறைத்தான். தே தாரேக் பால் தேநீரை விட்டான், சோற்றை விட்டான், விடிந்ததும் கடலோரம் மூச்சிரைக்க ஓடினான்.

தீபாவளிதான் பெரிய சோதனை. புக்கிட் மெர்தாஜாமில் அக்கா ஜெயலெட்சுமி, உடம்புக்கு முடியாத நிலையிலும், வருகிறவர்களுக்கெல்லாம் விருந்து வைக்கும் திறந்த இல்ல உபசரிப்பில் அவனுக்கென்றே ஆட்டுக்கறி பிரட்டி வைத்திருந்தாள். அத்தனை பேர் பார்க்க அவன் வெள்ளரிக்காயை மட்டும் எடுத்துக் கடித்தான்.

சின்ன வயதிலிருந்து தன் தட்டில் பாதியை அவனுக்கு ஒதுக்கி வைத்தே வளர்த்தவள். முகம் சுண்டி உள்ளே போனாள். அன்றிலிருந்து பேச்சில்லை.

அவனும் காரணம் சொல்லவில்லை. சொல்லிவிட்டு, கொழுப்பு குறையாமல் போனால் அவள் முகத்தில் எப்படி விழிப்பது?

கருவி ஓய்ந்தது. பக்கத்தில் நின்ற டாக்டர் திரையைப் பார்த்தார். இன்னொரு தடவை பார்த்தார். பிறகு சிரித்துக்கொண்டே வாசுவின் தோளைத் தட்டினார்.

பள்ளிக்கூடத்தில் ஒரு பரிசுகூட வாங்காதவன் வாசு. இன்று அவன் கல்லீரல் வாங்கிவிட்டது. பெருமை தாங்கவில்லை. பசையைத் துடைக்காமலே சட்டையை மாட்டிக்கொண்டு அக்காவுக்குப் போன் போட்டான்.

எடுத்தாள்.

“அக்கா, டாக்டர் ஓகே சொல்லிட்டாருலா. என் கல்லீரல்ல பாதி ஒனக்குத்தான்.”

அந்தப் பக்கம் மூக்கை உறிஞ்சும் சத்தம் கேட்டது.

“சாப்பிட்டியாடா?”