அரை வயிற்றுக் கஞ்சி

"எங்கேய்யா திருடித் தின்னே?"

டிரெஸ்ஸர் ராதாகிருஷ்ணன் தராசு முள்ளைத் தட்டிப் பார்த்தார். முள் அசையவில்லை. இருநூற்று மூன்று ராத்தல். மூன்று வாரமாக அதே இருநூற்று மூன்று.

தராசின் மேல் நின்ற தபால்காரர் அய்யாவு கையெடுத்துக் கும்பிட்டார். "முருகன் சத்தியமா நீங்க சொன்ன அரை வயித்துக் கஞ்சிதானுங்க. அதுக்கு மேல பச்சைத் தண்ணிதான்."

"கஞ்சி குடிச்ச ஒடம்பா இது? மொத மாசம் பத்து ராத்தல் எறங்கிச்சே, அப்புறம் ஏன் நின்னுச்சு? நசீருதீன் கடை ரொட்டி வந்து நிறுத்திச்சா?"

பெஞ்சில் மருந்துக்குக் காத்திருந்தவர்கள் சிரித்தார்கள். அந்த பிரிக்பீல்ட்ஸ் டிஸ்பென்சரியில் டிரெஸ்ஸர் கேலி பேசினால் சிரித்து வைப்பது நல்லது. புண்ணில் அயோடின் தடவப்போவது அவர் கைதான்.

அன்று அவர் வாய் கூடுதலாகவே நீண்டது. அதற்குக் காரணம் அய்யாவு அல்ல, காப்பார் தோட்டத்தில் கணக்கெழுதும் கிராணி பாலன். தன் மகனுக்கு டிரெஸ்ஸரின் மகள் சந்திரகலாவைப் பெண் பார்த்துவிட்டுப் போனவர், தை பிறந்ததும் நாள் குறித்து எழுதுகிறேன் என்றார். தைப்பூசமும் போய்விட்டது. ஒரு வரி இல்லை.

பெண்ணைப் பெற்றவர் வலியப் போய் விசாரிப்பதா? 'உங்கள் யோக்கியதை தெரிந்துவிட்டது, இந்தச் சம்பந்தம் வேண்டாம்' என்று எழுதி, மைத்துனன் வாசுவிடம் நேற்றுக் கொடுத்தனுப்பிவிட்டார். வாங்கிப் படித்த பாலன் அதைக் கிழித்துப் போட்டுவிட்டு உள்ளே போய்விட்டாராம். குற்றமுள்ள நெஞ்சு வேறென்ன செய்யும்? சந்திரகலாதான் நேற்றிலிருந்து அறைக் கதவைத் திறக்கவில்லை.

"ஏன்யா, விளக்குல எண்ணெயைக் குறைச்சா சீக்கிரம் அணையுமா, அணையாதா?"

"திரியை எறக்கி வச்சா, இருக்கற எண்ணெயில ரொம்ப நேரம் எரியுதுங்களே."

"அப்ப நீ இங்க உக்காந்து வைத்தியம் பாரு. நான் போய்த் தபால் குடுக்கறேன்."

மறுபடியும் சிரிப்பு.

"அப்படிச் சொல்லலீங்க. கஞ்சி குறைஞ்சதிலேர்ந்து கால் ரெண்டும் துணியாத் துவளுது. மத்தியான வெயில்லகூட குளிருது. முன்ன நின்ன எடத்துல இப்ப உக்கார்றேன், உக்காந்த எடத்துல படுத்துடறேன்."

"எல்லாம் சாக்கு. தினம் ஆறு மைல் நடக்கறே, அரை வயித்துக்குக் குடிக்கறே, எடை மட்டும் எறங்காது. இதை நான் நம்பணும். கொழுப்பைக் காத்துலேர்ந்தா உறிஞ்சறே?" டிரெஸ்ஸர் சீட்டில் எதையோ கிறுக்கி நீட்டினார். "இனிமே கால் வயித்துக் கஞ்சி. திருட்டுத் தீனியை நிறுத்தினா எல்லாம் சரியாப் போகும்."

அய்யாவுவின் முகம் சுருங்கிவிட்டது. சீட்டை வாங்காமல் தராசிலிருந்து இறங்கினார். டிரெஸ்ஸரை ஒட்டி வந்து, பெஞ்சுக்குக் கேட்காதபடி குரலைத் தாழ்த்தினார். தபாலாபீசில் தெரிந்தால் வேலை போய்விடும். ஆனாலும் நாலு பேர் முன்னால் திருடன் என்று பெயர் வாங்க அவருக்கு மனமில்லை.

"நான் திருடித் தின்னலீங்க ஐயா. நடைதான் குறைஞ்சு போச்சு. கீழ்த் தெருவோட நின்னுடறேன்."

"நின்னுடறேன்னா?"

"உங்க வீட்டு மேடு ஏற முடியலீங்க. அந்தப் பக்கத்துக் கடுதாசியெல்லாம் மூணு வாரமா என் பெட்டியிலேயே கிடக்கு. ஒண்ணும் தொலையல, பயப்படாதீங்க."

டிரெஸ்ஸரின் கையிலிருந்த சீட்டு கீழே விழுந்தது. அய்யாவு அதைக் குனிந்து எடுத்துக் கொடுத்தார்.

"உங்களுக்குக்கூட காப்பார்லேர்ந்து ரெண்டு இருக்குங்க."