ரப்பரில் கோளாறு இல்லை

"கதவைத் திறந்து திறந்து மூடுனா ஐஸ் கட்டத்தானப்பா செய்யும்? சொன்னா ஒத்துக்க மாட்டேங்குறாங்க."

ராஜேஷ்குமார் கை நீட்டிய திசையில், அடுப்படி வாசலில், வீட்டு வேலை செய்யும் முத்துத்தாய் நின்றிருந்தாள். தலை நிமிரவில்லை.

பிரிட்ஜ் மெக்கானிக் அருண்பாண்டி பிரீசர் கதவைத் திறந்தான். உள்ளே நாலு விரல் கனத்துக்கு வெள்ளைப் பாறை. ஐஸ் தட்டு பாதி புதைந்து கிடந்தது.

"எம்புட்டு நாளா சார் இப்படி?"

"ஒரு மாசமா. நான் ஆபீஸ் போகும்போது தட்டு நெறய ஐஸ் இருக்கு. சாயந்தரம் வந்தா காலி. நீ பாத்துச் சொல்லு. அடிக்கடி திறக்குறதுதான் காரணம்னா, இவங்க நாளையில இருந்து வேலைக்கு வர வேணாம்."

முத்துத்தாயின் விரல்கள் முந்தானையைப் பிசைந்தன.

அருண்பாண்டிக்குச் சங்கடமாகிவிட்டது. தன் வாயிலிருந்து வரும் ஒரு வார்த்தையில் ஒருத்தியின் பிழைப்பு தொங்குகிறது. கதவு ரப்பர் போயிருந்தால் நல்லது என்று நினைத்தான்.

சட்டைப் பையிலிருந்து பழைய பஸ் டிக்கெட் ஒன்றை எடுத்தான். கதவு ரப்பரில் படும்படி வைத்து, கதவை மூடி, இழுத்தான். ரப்பர் தளர்ந்திருந்தால் டிக்கெட் வழுக்கிக்கொண்டு கையோடு வந்துவிடும்.

வரவில்லை. நாலு பக்கமும் வைத்துப் பார்த்தான். எங்கும் வரவில்லை.

"ரப்பர் கெட்டியா இருக்கு சார். குளிர் அளவும் சரியாத்தான் வச்சிருக்கீங்க."

"அப்ப?"

"அப்ப... அடிக்கடி திறக்குறதுதான். வெளிக்காத்து உள்ள போகப் போக ஐஸாயிரும். ஈரமா எதையாவது வச்சு எடுத்தா இன்னும் சீக்கிரம் கட்டும்."

"கேட்டுக்கங்க!" என்றார் ராஜேஷ்குமார்.

"ஐயா, நான் எதையும் களவாண்டு போகல."

"பின்ன, அம்புட்டு ஐஸையும் யாரு தின்னா?"

அவள் அடுப்படிக்குள் திரும்பிப் பார்த்தாள்.

ராஜேஷ்குமாரின் மனைவி ரம்யாஸ்ரீ காபி கொண்டுவந்து வைத்தாள். துப்பட்டாவை இழுத்து இடது கன்னத்தை மூடியிருந்தாள். காலையில் தோசை கருகிப்போனதில் வீட்டில் சத்தம் போட்டுவிட்டு, சாப்பிடாமல் கிளம்பி வந்தவன் அருண்பாண்டி. காபி வாசனை வயிற்றைக் கிள்ளியது. வேலை முடியட்டும் என்று விட்டான்.

முத்துத்தாய் ஒரு கத்தியைக் கொண்டுவந்து நீட்டினாள்.

"வேணாம்மா. கத்தியால குத்துனா உள்ள போற கேஸ் குழாய் ஓட்டையாயிரும். ஒரு சட்டியில சுடுதண்ணி குடுங்க, போதும்."

பிளக்கைப் பிடுங்கினான். சுடுதண்ணிச் சட்டியை உள்ளே வைத்துக் கதவைச் சாத்தினான். பத்து நிமிடம் காத்திருந்தான். கோரிப்பாளையம் சிக்னலின் ஹாரன் சத்தம் மட்டும் ஜன்னல் வழியாக வந்துகொண்டிருந்தது.

திறந்து கை வைத்ததும் பாறை பொத்தென்று பெயர்ந்து விழுந்தது. அதன் பின்னால் ஒரு துவாலை. நாலாக மடித்து, நடுவில் ஐஸ் கட்டிகளை வைத்து, முடிச்சுப் போட்டிருந்தது. முடிச்சுக்குக் கீழே பழுப்பு நிறத்தில் இரத்தக் கறை.

"என்னம்மா இது?"

"ஒத்தடத் துணி தம்பி." முத்துத்தாயின் குரல் இறங்கியது. "அம்மாவுக்கு."

ரம்யாஸ்ரீ துப்பட்டாவிலிருந்து கையை எடுத்தாள். கன்னம் வீங்கிக் கறுத்திருந்தது.

"சரி சரி, வந்த வேலையப் பாரு" என்றார் ராஜேஷ்குமார்.

அருண்பாண்டிக்குக் காது மடல் சுட்டது.

"பாத்தாச்சு சார். பிரிட்ஜுல ஒரு கோளாறும் இல்ல, உங்க கையிலதான் இருக்கு. அத நிறுத்துங்க, ஐஸ் தன்னால நின்னுரும். அந்தம்மாவ எதுக்கு வெரட்டுறீங்க?"

ராஜேஷ்குமார் வாயைத் திறப்பதற்குள் ரம்யாஸ்ரீ சொன்னாள். "முத்துத்தாயக்கா எங்கயும் போக மாட்டாங்க." புருஷனின் முகத்தைப் பார்த்தே சொன்னாள்.

ராஜேஷ்குமார் தரையில் உருகி ஓடும் தண்ணீரைப் பார்த்துக்கொண்டு நின்றார்.

அருண்பாண்டி கூலி வாங்கவில்லை. அந்த வீட்டுக் காபியையும் தொடவில்லை. படியிறங்கியதும் முதல் வேலையாகக் கூட்டாளி சோலைக்குப் போன் போட்டான்.

"மூஞ்சிக்கு நேரா கேட்டுட்டு வாரேன் மாப்ள. பொண்டாட்டி மேல கைய வைக்கிறவன்லாம் ஒரு ஆம்பளையா?"

"நீ ஆளுதான்டா மாப்ள!"

பரவையில் தன் வீட்டு வாசலில் வண்டியை நிறுத்தும்போதும் நெஞ்சு நிமிர்ந்தே இருந்தது.

"முத்துமீனா! மோருல ரெண்டு ஐஸப் போட்டுக் கொண்டா."

அவன் மனைவி அடுப்பைப் பார்த்தபடியே சொன்னாள். திரும்பவில்லை. "தட்டு வர மாட்டேங்குதுங்க. ஐஸ் கட்டிக் கெடக்குன்னு பத்து நாளா சொல்றேன்ல."

"கதவ ஒழுங்கா மூடித் தொலைச்சாத்தான?" என்றபடி அவனே போய்ப் பிரீசரைத் திறந்தான்.

வெள்ளைப் பாறை. அதற்குள்ளிருந்து அவனுடைய பழைய பனியன் ஒன்றின் நுனி நீட்டிக்கொண்டிருந்தது. முடிச்சுப் போட்டிருந்தது.

சட்டென்று கதவை மூடினான். ரப்பர்தான் போயிருக்கும் என்று சொல்லிக்கொண்டான். பையைத் தடவி அந்த பஸ் டிக்கெட்டை எடுத்து வைத்து இழுத்தான்.

மேலே வைத்தான், கீழே வைத்தான், இரண்டு ஓரத்திலும் வைத்து இழுத்தான்.

டிக்கெட் வரவில்லை.