இரண்டாவது சரணம்

பழைய கால்பந்து ரசிகர்கள் கூடும் பப்பில், மேசையில் தாளம் போட்டபடி நார்மன் பாடினார்: "வெண்ணெய்க் கையா கிளிஃபர்ட், பந்து வழுக்குதா?"

"எழுபத்தெட்டுல கோலுக்குப் பின்னாடி நின்னு நாலாயிரம் பேர் கத்தினோம்டா!" என்று சிரித்தார் எதிரில் உட்கார்ந்திருந்த ஆல்ஃப். "எதிர் டீம் கோல்கீப்பர், பாவம், காதைப் பொத்தறதா பந்தைப் பிடிக்கறதான்னு முழிச்சான்."

பக்கத்து மேசையில் தனியாக டீ குடித்துக்கொண்டிருந்த அம்மாள் திரும்பினாள். "ரெண்டாவது சரணம் எப்படி வரும்?"

நார்மன் நெளிந்தார். "அது வேணாங்க. அவன் பெண்டாட்டியை இழுத்துப் பாடினது."

"அதுக்குத்தான் ரெண்டு பஸ் மாறி வந்திருக்கேன். பாடுங்க."

ஆல்ஃப் தயங்கித் தயங்கிப் பாடினார்: "கிளிஃபர்டை வீட்டுக்கு அனுப்பு, பெண்டாட்டியைக் கோலுக்கு அனுப்பு!"

"இவ்வளவுதானா?"

"இவ்வளவுதாங்க. ஏன்?"

"எங்க வீட்டுக்காரர் நாற்பது வருஷமா குளிக்கறப்ப முதல் சரணத்தைப் பாடறார். ரெண்டாவது வந்தா போதும், வாயை மூடிட்டு குழாயைத் திறந்துடுவார். கேட்டா, மறந்துபோச்சும்பார்."

"அப்ப நீங்க... கிளிஃபர்டோட..."

பதறி எழுந்த நார்மனின் முழங்கை பட்டு பீர்க் கோப்பை மேசையை விட்டுப் பாய்ந்தது. அம்மாள் உட்கார்ந்தபடியே ஒற்றைக் கையை நீட்டி அதைப் பிடித்தாள். ஒரு சொட்டு சிந்தவில்லை.

"தோட்டத்துல பேரப்பிள்ளைங்களோட ஆடறப்ப என்னை மட்டும் கோல்ல நிக்கவே விடமாட்டார்," என்றாள் கோப்பையை மேசையில் வைத்துவிட்டு. "இப்பல்ல புரியுது!"