தண்ணீருக்கு மேலே ஒரு தண்டு

நேற்று வெட்டித் தீர்த்த இடத்தில் இன்று காலை மறுபடியும் நாணல் நின்றது. ஏரியின் நடுவே, ஒரு கைப்பிடி அளவு. இப்படி நடப்பது இது முதல் தடவையும் அல்ல.

படகிலிருந்த பெண் அதிகாரிக்குச் சுருக்கென்றது. ஏரியை முக்கால்வாசி விழுங்கிவிட்ட நாணலை ஒழிக்கத்தான் அவளை இங்கே மாற்றியிருந்தார்கள். இந்தக் கோடைக்குள் அது சாகாவிட்டால் ஏரியையே கைகழுவிவிடுவதாக மேலிடம் சொல்லியிருந்தது.

வந்த அன்றே ஆட்களை உட்காரவைத்துச் சொன்னாள். "காஞ்சு செத்த தண்டுதானேன்னு விட்டுடாதீங்க. அது குழாய் மாதிரி. அடியில சேத்துக்குள்ள இருக்கற வேர் அது வழியாத்தான் மூச்சு விடுது. தண்ணிக்குக் கீழ வெட்டுங்க, மூச்சு முட்டிச் செத்துடும்."

எல்லோரும் கொட்டாவி விட்டார்கள். மேஸ்திரி மட்டும், "சேத்துக்குள்ள இருந்தும் மூச்சு விட முடியுமா மேடம்?" என்று இரண்டு தடவை கேட்டார். வேலையில் இவ்வளவு அக்கறையா என்று அவளுக்கு உச்சி குளிர்ந்தது.

இப்போது படகோட்டி துடுப்பை நிறுத்திவிட்டுக் குரலைத் தாழ்த்தினான். "போன மழையில இங்கதான் படகு கவிழ்ந்துச்சு மேடம். ஒரு பொண்ணு மட்டும் கிடைக்கவே இல்ல. அவதான் வெட்ட விட மாட்டேங்குறா. நான் சொன்னேன்னு மேஸ்திரிகிட்ட சொல்லிடாதீங்க."

"பேயாவது பூதமாவது!" என்றாள். ஆனாலும் கையை நீட்டுமுன் ஒரு தடவை சுற்றிலும் பார்த்துக்கொண்டாள். காற்றே இல்லை, அந்தத் தண்டுகள் மட்டும் ஆடிக்கொண்டிருந்தன.

இழுத்ததும் தண்டு கையோடு வந்தது. வேர் இல்லை. ஒரே இரவில் முளைத்துக் காய்ந்தும் போயிருக்குமா என்ன? வெட்டிப்போட்ட தண்டை யாரோ கொண்டுவந்து நட்டிருக்கிறார்கள்.

பயம் போய்க் கோபம் வந்தது. வேலையை இழுத்தடிக்க எவனோ செய்கிற திருகுதாளம்!

மறுநாள் விடிகிற நேரத்தில் அவளே படகை எடுத்துக்கொண்டு போனாள். மார்பளவு தண்ணீரில் மேஸ்திரி நின்றிருந்தார், கக்கத்தில் ஒரு கட்டுக் காய்ந்த தண்டு. ஒவ்வொன்றையும் வாயில் வைத்து ஊதிப் பார்த்துவிட்டுச் சேற்றில் செருகினார்.

"நீங்களா? உங்களைப் போய் நம்பினேனே! வேலை முடியவே கூடாது, ஏரி எக்கேடு கெட்டா என்னன்னுதானே?"

"நாணல் ஒழியட்டும் மேடம். வேரோட ஒழியட்டும்." அவர் திரும்பவில்லை. அடுத்த தண்டை ஊதிப் பார்த்தார். "இது அதுக்காக இல்ல."

"பின்ன எதுக்கு?"

"என் பொண்ணு இன்னும் அடியிலதான் இருக்கா."