குக்கர் வெயிட்டின் கண்டனக் குரல்

செண்பகம் வீட்டுக் குக்கரின் தலைமேல் உட்கார்ந்திருந்த வெயிட்டுக்குத் தன்னை லிபரல் என்று சொல்லிக்கொள்வதில் அவ்வளவு பெருமை. அது அடுப்போடும் சேராது, பருப்போடும் சேராது, நியாயத்தோடு மட்டும்தான் சேரும்.

அன்றைக்கு உள்ளே துவரம்பருப்பு வேக ஆரம்பித்ததும் வெயிட்டுக்கு ரத்தம் கொதித்தது. "இந்த அநியாயத்தைக் கேட்க ஆளே இல்லையா?" என்று தெருவே திரும்பிப் பார்க்கிற மாதிரி ஒரு விசில் அடித்தது. அடித்ததும் மனசு லேசாகி, பழையபடி உட்கார்ந்துகொண்டது.

"ரொம்ப நன்றிண்ணே," என்றது பருப்பு, மூச்சுத் திணறிக்கொண்டே. "அப்படியே கொஞ்சம் எழுந்து தள்ளி நின்னீங்கன்னா ஆவியெல்லாம் வெளியே போயிடும். நாங்க பிழைச்சுக்குவோம்."

வெயிட் பதறிப்போனது. "எழுந்திரிக்கறதா? அதெல்லாம் தீவிரவாதம் தம்பி! இருந்த இடத்துல இருந்தே எதிர்ப்பைத் தெரிவிக்கறதுதான் நம்ம வழி. அடுப்புக்கும் ஒரு தரப்பு இருக்கும்ல, அதையும் கேட்கணும்."

கேட்டது. எரிவது தன் உரிமை என்றது அடுப்பு. அதிலும் ஒரு நியாயம் இருப்பதாக வெயிட்டுக்குப் பட்டது. இருந்தாலும் இரண்டாவது விசிலைக் கொஞ்சம் காரமாகவே அடித்தது.

"இன்னும் ஒண்ணு வரட்டும்," என்றாள் செண்பகம், கூடத்திலிருந்து.

தன் குரலுக்கு இவ்வளவு மதிப்பா என்று வெயிட்டுக்குப் புல்லரித்தது. மூன்றாவது விசிலை உடம்பெல்லாம் ஆட அடித்தது. செண்பகம் ஓடிவந்து அடுப்பை அணைத்தாள்.

"பார்த்தியா தம்பி, அடுப்பையே அணைக்க வெச்சுட்டேன்!"

உள்ளே பருப்பு குழையக் குழைய வெந்திருந்தது.