போன வருஷத்து மடி

ஓட்டைப்பல் நேராகப் போய் என் ஓரகத்தியின் மடியில் உட்கார்ந்தாள்.

எல்லோரும் கண்ணை மூடிக்கொண்டார்கள். எங்கள் குழுவோடு வந்த போதகர் மாலை ஜெபத்தைத் தொடங்கினார். நான் மட்டும் இடது கண்ணைக் கொஞ்சம் திறந்து வைத்துக்கொண்டேன்.

அந்த ஆதரவற்றோர் இல்லத்தில் ஒரு வழக்கம். ஜெபத்துக்குக் கூடத்தில் பாய் விரித்ததும், ஊழியத்துக்கு வந்திருக்கும் எங்களில் யாருடைய மடி பிடிக்கிறதோ அங்கே சின்னப் பிள்ளைகள் உட்கார்ந்துகொள்ளலாம். இவரிடம் போ, அவரிடம் போ என்று யாரும் சொல்வதில்லை.

போன வருஷம், வந்த நாளிலிருந்து கிளம்பும் நாள் வரை அவள் உட்கார்ந்தது என் மடியில்.

அப்போது முன்பல் இரண்டும் விழுந்திருந்தன. ஓட்டைப்பல் என்று பெயர் வைத்ததே நான்தான். என் கழுத்துச் சங்கிலியைச் சப்பிக்கொண்டே ஜெபத்தில் தூங்கிப்போவாள். நான் கிளம்பிய அன்று வேனுக்குப் பின்னாலேயே கேட் வரை ஓடி வந்தாள்.

ஊர் திரும்பி சபையில் சாட்சி சொன்னபோது அந்த ஓட்டத்தைத்தான் சொன்னேன். பாதிப் பேர் கண்ணைத் துடைத்துக்கொண்டார்கள். அதில் ஒருத்தி என் ஓரகத்தி. அடுத்த தடவை என்னையும் கூட்டிக்கொண்டு போங்கள் என்று அன்றைக்கே நச்சரிக்கத் தொடங்கினாள்.

கூட்டி வந்தேன். சொந்தச் செலவில் சூனியம் என்பார்களே, அது. சபைக்குப் போகிறவள் சொல்லக்கூடாத வார்த்தைதான். வேறு வார்த்தை எனக்குக் கிடைக்கவில்லை.

கடல் தாண்டி வந்து இறங்கிய அன்று ஓட்டைப்பல் கேட்டருகே நின்றிருந்தாள். பல் முளைத்திருந்தது. நான் இரண்டு கையையும் விரித்தேன். என்னை ஒரு தடவை பார்த்தாள். பிறகு என்னைச் சுற்றிக்கொண்டு போய், பின்னால் வந்த ஓரகத்தியின் விரலைப் பிடித்துக்கொண்டாள்.

என் கை விரித்தபடியே நின்றது. பெட்டி இறக்கிய டிரைவர் அதில் ஒரு பையை மாட்டிவிட்டுப் போனார்.

அன்றிலிருந்து இப்படித்தான். குளிக்க வா என்று நான் கூப்பிட்டால் ஓட்டைப்பல்லுக்கு வயிறு வலிக்கும். ஓரகத்தி கூப்பிட்டால் சோப்பும் கையுமாக ஓடுவாள்.

ஓரகத்திக்கு என்ன தெரியும்? ஒரு தலை பின்னத் தெரியாது. அவள் எடுக்கும் வகிடு காதுக்குப் போய்ச் சேரும். ஆனால் பாடுவாள். கல்யாணமாகி வந்த கையோடு மாமியாரைப் பாடியே மடக்கிப்போட்டவள். மாமியாரை விட்டுக்கொடுத்தேன், போகட்டும். இதையுமா?

வயிறு எரிந்தது. ஜெபத்தில் உட்கார்ந்து வயிறெரிவது பாவம் என்று தெரியும். தெரிந்தும் எரிந்தது.

போதகர் நாடாளுகிறவர்களுக்காக ஜெபித்துக்கொண்டிருந்தார். இனி நோயாளிகள், பிரயாணம் செய்கிறவர்கள் என்று எல்லோரையும் ஒரு சுற்று சுற்றித்தான் வருவார். எனக்கு நேரம் இருந்தது.

நானும் ஜெபித்தேன். ஆண்டவரே, இந்த ஓரகத்திக்குக் கால் மரத்துப்போகட்டும். போய் அக்கா மடியில் உட்கார் என்று அவள் வாயாலேயே சொல்லட்டும்.

மரத்துப்போகவில்லை.

கைப்பைக்குள் கையை விட்டு அந்த வண்ணத்துப்பூச்சி கிளிப்பை எடுத்தேன். ஊரில் கடை கடையாக ஏறி இறங்கி வாங்கியது. பாயோடு பாயாக நகர்ந்து, ஓட்டைப்பல்லின் கவுன் நுனியை மெல்ல இழுத்து, உள்ளங்கையில் வைத்து நீட்டினேன்.

கிளிப்பைப் பார்த்தாள். என்னைப் பார்த்தாள். யாரோ ஒருத்தியைப் பார்க்கிற பார்வை இல்லை அது. கீழுதடு ஒரு தடவை துடித்தது. சட்டென்று முகத்தை ஓரகத்தியின் தோளில் புதைத்துக்கொண்டாள்.

ஓரகத்தி மூடிய கண்ணைத் திறக்காமலே பிள்ளையின் முதுகைத் தடவிக்கொடுத்தாள். அதைத்தான் என்னால் தாங்க முடியவில்லை.

என் பக்கத்தில் இருந்த பொறுப்பாளர் அம்மாவும் கண்ணைத் திறந்துதான் வைத்திருந்தார். அத்தனை பிள்ளைகளை வைத்துக்கொண்டு அவர் எங்கே கண்ணை மூடுவது? கிளிப்போடு நீட்டிக்கொண்டிருந்த என் விரல்களை மெல்ல மடக்கிவிட்டு, காதோரம் குனிந்தார்.

"உங்கள மறந்துட்டான்னு நினைக்காதீங்க சிஸ்டர். ஒரு தடவை விட்டுட்டுப் போனவங்க மடியில அவ மறுபடி உக்கார மாட்டா. யாரு புதுசா வர்றாங்களோ, அவங்ககிட்டதான் போவா."

எல்லோரும் ஆமென் சொன்னார்கள். நான் கிளிப்பைத் திரும்பக் கைப்பைக்குள் போட்டேன்.

பிள்ளைகள் பாய்களைச் சுருட்டத் தொடங்கினார்கள். ஓட்டைப்பல்லை இடுப்பில் தூக்கி வைத்துக்கொண்டு ஓரகத்தி என்னிடம் வந்தாள். மறுநாள் காலையில் நாங்கள் கிளம்ப வேண்டும். ஜெபத்திலேயே அழுதிருப்பாள் போல, மூக்கு சிவந்திருந்தது.

"அக்கா, அடுத்த வருஷமும் நான் வருவேன். நீங்க வந்தாலும் சரி, வராட்டியும் சரி. இவளுக்காகவே வருவேன்."

சொல்லியிருக்கலாம். நாக்கு நுனி வரை வந்துவிட்டது. ஓட்டைப்பல் அவள் கழுத்தைக் கட்டிக்கொண்டு, என்னைப் பார்க்காமல் சுவரைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

"கண்டிப்பா வாம்மா," என்றேன்.

ஓரகத்தி எங்கள் வீட்டுக்கு வந்த நாளிலிருந்து அவளிடம் நான் அவ்வளவு அன்பாகப் பேசியதே இல்லை.